இரண்டாம் மாடி மூட்டு

கத்தூர் ஹாஜியாரின் துணிக்கடைச் சுவர் குளிர்காலம் வந்தாலே வியர்க்க ஆரம்பித்துவிடும். முதலில் வந்து பார்த்தவன் மொட்டைமாடியில் விரிசல் என்று சொல்லித் தார் பூசினான். அடுத்து வந்தவன் கடல் காற்று என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனான். அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில் எந்தச் சுவர் நனைந்தாலும் கடல்மேல் பழியைப் போட்டுவிடலாம். கடல் வந்து மறுக்கப் போவதில்லை. இந்த ஜனவரியில், கல்யாண வீட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வெள்ளைப் பட்டுத் துணிக்கட்டு ஒன்று அடியில் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போன பிறகுதான் ஹாஜியார் குழாய் வேலை பார்க்கும் மிலூதைக் கூப்பிட்டார்.

மிலூத் சுவரைத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புக் கரிக்கல ஹாஜியார். இது கடல் இல்ல. குழாய்."

"நக்கிப் பாத்தே கண்டுபிடிச்சிடறியே. அப்புறம் எதுக்குப் பை நிறைய சாமான் தூக்கிட்டு அலையறே?"

"வீட்டுல நம்பணும்ல, நான் வேலைக்குத்தான் போறேன்னு."

ஹாஜியார் சிரித்துக்கொண்டே கடையின் இரும்புத் தகட்டை இறக்கிப் பூட்டினார். வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு மகன் வீட்டில் குஸ்குஸ் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுந்துதான் வருவார். "உன் இஷ்டப்படி பாரு. மொட்டைமாடிக் கதவு தொறந்துதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டுப் போன ஐந்து மாடிக் கட்டடம் அது. நடுவில், மொட்டைமாடியிலிருந்து தரை வரைக்கும், ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு இறங்கும் அகலத்தில் ஒரு கூண்டு. எல்லா வீட்டுக் குழாய்களும் அதற்குள்தான் ஓடின. முன்பெல்லாம் மாடிக்கு மாடி அதற்கு ஒரு சின்னக் கதவு இருந்தது. வீடுகளில் ஆட்கள் பெருகப் பெருக, அந்தக் கதவுகளைச் செங்கல் வைத்து அடைத்து அலமாரியாக்கிக்கொண்டார்கள். குளியலறை ஜன்னல்களையும் பெரும்பாலும் அடைத்துவிட்டார்கள். இப்போது உள்ளே போக மொட்டைமாடிப் பலகைக் கதவு ஒன்றுதான் வழி. அங்கிருந்து சுவரில் பதித்த இரும்புக் கம்பிப்படிகள்.

மேலே ஏறும்போது படிக்கட்டில் இரண்டாம் மாடி யமீனாவைப் பார்த்தார். தலைத்துணியும் கையில் பலகாரப் பெட்டியுமாகக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கொஞ்ச நேரம் நிக்கும் யமீனாக்கா."

"நின்னா நிக்கட்டும்ப்பா. நான் அர்ஸூவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். சாயங்காலம்தான் வருவேன். உள்ள யாரும் இல்ல."

"ரெதா பேசினானா?"

"பேசினான் பேசினான். அலிகாந்தேல நல்ல குளிராம். கம்பளிக் குல்லாய் வாங்கிட்டேன்னு சொன்னான்." பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

யமீனாவின் மகன் ரெதா கோடைகாலத்தில் படகேறி ஸ்பெயின் போய்ச் சேர்ந்தவன். அவன் போன சேதி வந்த அன்று தெருவே அவள் வீட்டில் இருந்தது. முதலில் அழுதார்கள், பிறகு போய்ச் சேர்ந்தான் என்றதும் பலகாரம் தின்றார்கள். மிலூதின் தம்பி சுஃபியான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "ரெதாவே போய்ச் சேந்துட்டான், நீந்தத் தெரியாதவன்" என்பதே அவன் பேச்சு. இந்த வாரம் அவன் படகுக்கு யாரிடமோ பேசி முடித்துவிட்டான் என்று மிலூதின் மனைவி கைரா காதில் விழுந்திருந்தது. அவள் அதைக் காலையில் சொன்னதிலிருந்து மிலூத் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். தம்பியிடம் என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை.

மொட்டைமாடியில் காற்று ஊளையிட்டது. தொட்டியிலிருந்து கூண்டுக்குள் இறங்கும் செம்புக் குழாயின் வால்வை மூடினார். பழைய வால்வு. கடைசிச் சுற்றில் அது முனகிய முனகல் அவருக்குப் பிடிக்கவில்லை. தொப்பை இடிக்கும் என்று மேல்கோட்டைக் கழற்றித் தொட்டிமேல் வைத்தார். கைப்பேசியும் அதற்குள்ளேயே போயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, உள்ளே இறங்கினார்.

குழாய் மூட்டுகளைப் பார்ப்பதில் மிலூதுக்கு ஒரு முறை உண்டு. முதலில் டார்ச் லைட் அடித்துக் களிம்பு இருக்கிறதா என்று பார்ப்பார். நல்ல மூட்டில் பற்றவைத்த ஈயம் சுற்றிலும் மெல்லிய வெள்ளி வளையமாக நிற்கும். கசியும் மூட்டில் பச்சைக் களிம்பு பொங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தை, வாய்க்குள் பல் பார்க்கும் வைத்தியர்போல, கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியால் பார்ப்பார். அதற்கும் பிடிபடாததைக் காகிதம் காட்டிக்கொடுக்கும்: மெல்லிய காகிதத்தை மூட்டைச் சுற்றி ஒற்றினால், கை உணராத ஈரத்தைக் காகிதம் உணரும். ஐந்தாம் மாடி மூட்டு உலர்ந்திருந்தது. நான்காவதும். மூன்றாவதில் பழைய களிம்பு, ஆனால் செத்த களிம்பு. சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

இரண்டாம் மாடியில் பிடிபட்டது.

யமீனாவின் குளியலறைக்குத் தண்ணீர் பிரியும் ‘டீ’, மூன்று வாய்க் குழாய் இணைப்பு அது. முன்பக்கம் பார்த்தால் நகை வேலை மாதிரி அவ்வளவு சுத்தம். கண்ணாடியைப் பின்னால் விட்டுப் பார்த்தபோது பாதி வளையத்துக்கு ஈயமே இல்லை. பற்றவைத்தவனுக்குக் கை பின்னால் போகவில்லை. முன்னால் அழகாக முடித்துவிட்டுப் போய்விட்டான். செம்பும் செம்பும் வெறுமனே முட்டிக்கொண்டு இத்தனை வருடம் நின்றிருக்கின்றன. இடுக்கு வழியாக நூல் நூலாக இறங்கிய தண்ணீர் கீழே ஹாஜியாரின் பட்டைத் தின்றிருக்கிறது.

"அகப்பட்டியா" என்றார் மிலூத், மூட்டிடம்.

பையை ஜன்னல் ஓரத்து ஆணியில் மாட்டினார். அந்த ஜன்னல் மட்டும் செங்கல் வைத்து அடைக்காமல் இருந்தது. முகம் நுழையும் அளவு, தூசி படிந்த கண்ணாடி. குழாயில் மிச்சமிருந்த தண்ணீரை வடித்து, காஸ் பர்னரால் சூடேற்றிப் பழைய டீயை உருவி எடுத்தார். குழாய் முனைகளை உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேய்த்தார். புது டீயை எடுக்கப் பைக்குள் கையை விட்டு உடலைச் சாய்த்தபோது, காலடியில் இருந்த கம்பிப்படி சுவரோடு பெயர்ந்து வந்தது.

விழுந்தது பெரிய ஆழமில்லை. ஆனால் வலது கால், கழிவுநீர் போகும் தடித்த இரும்புக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே முழங்கால் வரை சொருகிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் காதில் விழவில்லை, பல்லில் கேட்டது. பெயர்ந்த கம்பி மேலிருந்த படியையும் இழுத்துக்கொண்டு வந்து, கூண்டின் அடியில் எங்கோ போய் மோதியது. காரைத் தூசி எழும்பி, பிறகு மெல்ல மெல்ல அவர் தலையில் இறங்கியது.

கொஞ்ச நேரம் அவர் கத்தவில்லை. வலி அடங்கட்டும் என்று சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டார். பிறகு கத்தினார். ஹாஜியாரைக் கூப்பிட்டார், அவர் இல்லை என்று தெரிந்தும். நான்காம் மாடிக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அடைத்த செங்கல்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. குரல் மேலே போய், பலகைக் கதவு வழியாகக் காற்றில் கரைந்தது. காலை அசைத்துப் பார்த்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. தோளை எந்தப் பக்கம் திருப்பினாலும் சுவர். கையை மேலே தூக்கலாம்; இறக்க வேண்டுமானால் முழங்கையை மடக்கி உடம்போடு உரசித்தான் இறக்க வேண்டும். அவருக்கு மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் யாரோ இருமினார்கள்.

அவர் தலைக்கு மேலே, அந்த ஜன்னலுக்குப் பின்னாலிருந்து. காரைத் தூசி தொண்டையில் பிடித்த இருமல். வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல்.

"யமீனாக்கா, திரும்பி வந்துட்டீங்களா?"

இருமல் சட்டென்று அடங்கியது.

"நான்தான், மிலூத். கால் மாட்டிக்கிச்சு. யாரையாவது கூப்பிடுங்க."

உள்ளே செருப்பு ஒன்று தரையில் உரசி நின்றது. மிலூத் காத்திருந்தார். அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. அடுத்தது மூக்கில். நிமிர்ந்து பார்த்தார். திறந்து கிடந்த குழாய் முனை அவர் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. மொட்டைமாடி வால்வு பிடித்து நிற்கவில்லை. சொட்டு நூலானது, நூல் கயிறானது. ஜனவரித் தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"உள்ள யாரோ இருக்கீங்க, எனக்குத் தெரியும்" என்றார். "திருடனா இருந்தாலும் பரவால்ல. திருடனுக்கும் ஆத்தா அப்பன் இருப்பாங்கல்ல? இந்தத் தண்ணிய மட்டும் பாரு."

ஜன்னல் கொக்கி விலகியது. கண்ணாடி கொஞ்சம் திறந்தது. தாடி மண்டிய வெளுத்த முகம் ஒன்று கீழே பார்த்தது. வெயில் பட்டு நாளான முகம். மிலூதுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"ரெதாவா?"

"மெதுவாப் பேசுங்க மிலூத் அண்ணே."

"டேய், நீ அலிகாந்தேல இல்ல இருக்கே?"

"இருக்கேன்" என்றான் ரெதா. சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்ததுபோல் வாயை மூடிக்கொண்டான்.

மிலூதுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் காலில் குத்தியது. "சரி, எங்க இருந்தாலும் இரு. போய் ஆளைக் கூட்டிட்டு வா."

"கதவு வெளிய பூட்டியிருக்கு. அம்மாகிட்டதான் சாவி."

"போன் பண்ணு."

"போனை வித்துத்தான் படகுக்குக் குடுத்தேன்."

"பால்கனிலேர்ந்து கூப்பிடு."

ரெதா தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன், "அம்மா சாயங்காலம் வந்துடுவாங்கண்ணே" என்றான்.

மிலூத் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றான். திட்டித் தீர்ந்ததும் மிலூதின் பற்கள் தாமாக அடித்துக்கொள்ளத் தொடங்கின. சாயங்காலம்வரை இந்தத் தண்ணீருக்கு அடியில் நின்றால் கால் முறிந்து சாக வேண்டாம், குளிரே போதும். அவர் தன் தொழிலுக்குள் புகுந்துகொண்டார். அங்கே மட்டும்தான் என்ன செய்வது என்று தெரிந்திருந்தது.

"வீட்டுல ரொட்டி இருக்கா?"

"பசிக்குதாண்ணே?"

"இருக்கான்னு கேட்டேன்."

ரெதா ஒரு நீள ரொட்டியைக் கொண்டுவந்தான். மிலூத் சொல்லச் சொல்ல, அதன் நடுவிலிருந்த வெள்ளைப் பகுதியைப் பிய்த்து உருட்டினான். ஜன்னலில் தோள்வரை கையை விட்டு, ஆணியில் தொங்கிய பையை இழுத்து உள்ளே எடுத்தான். பற்றவைக்கும் இடத்தில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஈயம் பிடிக்காது. தண்ணீர் ஆவியாகிச் சூட்டையெல்லாம் குடித்துவிடும். அதனால் ஓடுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரத்துக்கு ரொட்டியால் கட்ட வேண்டும். பிறகு அதுவே ஊறிக் கரைந்து வெளியே போய்விடும்.

"மேல் குழாய்க்குள்ள விட்டு விரலால திணி. இன்னும். கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வாயில ஊட்டற மாதிரி இல்லடா, ஆட்டுக்குட்டிக்கு மருந்து குடுக்கற மாதிரி."

தண்ணீர் நின்றது. அந்த அமைதியில் இருவரும் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டார்கள்.

"மேல குழாய் நெறையறதுக்குள்ள முடிக்கணும். துடை. உலர்ந்த துணியால. முனைல பத்தவைக்கற பசையத் தடவு. டீயை மாட்டு."

மிலூதால் எட்டிப் பிடிக்க முடிந்தது முன்பக்கத்தை மட்டும்தான். ரெதா பையிலிருந்து எடுத்து நீட்டிய பர்னரை அவர் பிடித்தார். ஜன்னலிலிருந்து ரெதாவின் கைக்குப் பின்பக்கம் நேராக இருந்தது. முன்பு பற்றவைத்தவனுக்கு எட்டாத இடம். ஈயக் கம்பி அவன் கையில்.

"தீயில வைக்காதே. செம்புல வை. செம்பு சூடானா அதுவே இழுத்துக்கும். இப்ப வேண்டாம். பொறு. பசை கொதிச்சு அடங்கட்டும். இப்ப தொடு."

ரெதா தொட்டான். கம்பி முனை சட்டென்று பளபளத்து, நீராகி, மூட்டைச் சுற்றி ஓடி மறைந்தது. அவன் மூச்சை இழுத்த சத்தம் மிலூதுக்குக் கேட்டது. முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் இழுப்பார்கள்.

"போயிடுச்சுண்ணே, உள்ள போயிடுச்சு."

"போகட்டும். போகத்தானே வெக்கிறோம். அடுத்த பக்கம்."

மூன்று வாயும் முடிந்தபின் ரெதா கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்து, வளையம் முழுசாக இருக்கிறது என்றான். மிலூத் அவனைக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்கச் சொன்னார். உலர்ந்திருந்தது. சூடான உலோக வாசம் அடங்கியதும் மேலே குழாயில் தண்ணீர் நிறைந்து வந்து, களுக் என்று நின்றது. ஒரு சொட்டும் விழவில்லை.

அதன்பிறகு ரெதா கம்பளியைப் போட்டான். தலையணை ஒன்றைச் சுவருக்கும் அவர் முதுகுக்கும் நடுவே திணித்தான். சர்க்கரை அள்ளிப் போட்ட காபியைக் கயிறு கட்டி இறக்கினான். தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கொடுத்தான். கேட்டதும் கேட்காததுமாக எல்லாம் கொடுத்தான். தெருவைப் பார்த்துக் குரல் மட்டும் கொடுக்கவில்லை.

"என்னடா ஆச்சு?" என்று மிலூத் கேட்டார். கேட்க வேண்டும் என்றும் இருந்தது, பேச்சு நின்றால் தூக்கம் வந்துவிடும் போலவும் இருந்தது.

ரெதா ஜன்னலோரத்தில் தரையில் உட்கார்ந்தான் போல. குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணும் ஆகல. கடற்கரைல நின்னோம். எல்லாம் வேற ஊர்க்காரங்க. ஒரு ஆளு சின்னப் பொண்ணு ஒண்ணத் தூக்கிட்டு வந்திருந்தான். அதுக்கு மிதவை கூடக் கெடைக்கல, நீச்சல் குளத்துல போட்டுக்கற வாத்து வளையத்த மாட்டி விட்டிருந்தான். என் முறை வந்துச்சு. ஒரு காலை வெச்சேன். படகு அமுங்குச்சு. என் ஒரு காலுக்கே அமுங்குச்சு. எடுத்துட்டேன். பின்னால நின்னவன் இடிச்சுக்கிட்டு ஏறிட்டான். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"விடியக்காலைல வீட்டுக்கு வந்தேன். அதுக்குள்ள அம்மா அழுது, ஊரே கூடிட்டுப் போயிருந்துச்சு. ரெண்டு நாள் போகட்டும், மூஞ்சிய எப்படிக் காட்றதுன்னு யோசிச்சு சொல்லலாம்னு நெனச்சேன். அம்மாகிட்ட யாரோ, நான் போய்ச் சேந்தேனான்னு கேட்டிருக்காங்க. அவங்க வாயில ஆமான்னு வந்துடுச்சு. பலகாரம் குடுத்துட்டாங்க. பலகாரம் குடுத்தப்புறம் எப்படிண்ணே வெளிய வர்றது?"

மிலூத் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மா வெளிய போனா தண்ணி கூட ஊத்தமாட்டேன். காலி வீட்ல சத்தம் கேக்கக்கூடாதுல்ல. கீழ பசங்க பந்து விளையாடறது கேக்கும். என்னைப் பத்திப் பேசிக்குவாங்க. நான் அங்க கார் வாங்கிட்டேனாம்."

"சுஃபியானும் அதைத்தான் சொல்றான்" என்றார் மிலூத். "உன் காரைப் பத்தி. இந்த வாரம் கெளம்பறான் அவன். நீந்தத் தெரியாத ரெதாவே போயிட்டான்னு எங்க அம்மாகிட்ட சொல்லிக்கிட்டுத் திரியறான். நான் எதைச் சொல்லி நிறுத்தறது?"

மிலூத் காலை அசைக்கப் பார்த்தார்.

"ரெதா. எனக்குக் கால் இருக்கறதே தெரியல இப்ப. முதல்ல வலிச்சுது. இப்ப வலிக்கல."

செருப்புச் சத்தம் எழுந்து, விலகி, வீட்டுக்குள் எங்கோ போய் நின்றுவிட்டது. மிலூத் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பக் கூப்பிட்டார். கூண்டின் உச்சியில் சின்னச் சதுரமாக வானம் தெரிந்தது. அதன் குறுக்கே கடற்பறவை ஒன்று போயிற்று. போய்விட்டான், அறைக்குள் போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான் என்று நினைத்தார். அவனைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. கண்ணை மூடினால் கூண்டு இன்னும் குறுகுவது போலிருந்தது. திறந்தாலும் அப்படியே. கைரா இப்போது குஸ்குஸை இறக்கி வைத்துவிட்டு, வராத புருஷனைத் திட்டிக்கொண்டிருப்பாள். தன் தம்பி அந்தக் கடற்கரையில் ஒரு காலைத் தூக்கி வைக்கிற காட்சி அவர் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. அவன் காலை எடுக்கமாட்டான். அவன் பிடிவாதக்காரன்.

அப்போது, தெருப்பக்கமிருந்து, பல மாதம் ஏற்றாத பால்கனி இரும்புத் தட்டியை யாரோ ஏற்றும் சத்தம் கேட்டது. துருப்பிடித்த நீண்ட கிறீச்சல். அதன் பின்னால் ஒரு குரல், பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல், தொண்டை கிழிய:

"கூண்டுக்குள்ள ஆளு மாட்டிக்கிட்டான். மிலூத் அண்ணன். தீயணைப்புக்காரங்களக் கூப்பிடுங்க. கதவை உடைங்க."

கீழே பந்துச் சத்தம் நின்றது. பிறகு ஒருவன் கேட்டது மிலூத் வரைக்கும் வந்தது.

"டேய், அது ரெதா இல்ல? எப்படா வந்தே அலிகாந்தேலேர்ந்து?"

"நான் போகவே இல்லடா" என்று ரெதா கத்தினான். "போகல. கதவை உடை."

வந்தவர்கள் யமீனாவின் கதவைப் பெயர்த்து, குளியலறைச் சுவரை உளியால் இடித்து, இரும்புக் குழாயின் பிடியை அறுத்து மிலூதை வெளியே இழுத்தார்கள். அந்தச் சின்ன வீட்டுக்குள் தெருவே ஏறி வந்திருந்தது. தூக்குப் படுக்கையில் கிடந்த மிலூதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும், குளியலறை வாசலில் கையெல்லாம் பசையும் கரியுமாக நின்ற ரெதாவைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். ஒருவன் ஸ்பெயின்காரன் மாதிரி "ஓலா" என்று வணக்கம் சொன்னான். மூன்றாம் மாடி ஆயிஷா, "நான் ரெதாவுக்குக் குடுத்தனுப்பின தேன் ஜாடி அங்க போய்ச் சேந்துச்சான்னு கேட்டேனே, ருசியா இருந்துச்சாம்னு யமீனா சொன்னாளே" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெதா சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தான். ஓடி ஒளிய அந்த வீட்டில் இனி ஒரு அறையும் இல்லை.

படுக்கையைத் தூக்கும்போதுதான் யமீனா வந்தாள். கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் மகனைப் பார்த்தாள், இடிந்த சுவரைப் பார்த்தாள், மிலூதின் காலைப் பார்த்தாள். கையிலிருந்த பையை மேசைமேல் வைத்தாள்.

"வந்தவங்களுக்குக் காபி குடுத்தியா?" என்று ரெதாவைக் கேட்டாள்.

"இல்லம்மா."

"சரி, நான் போடறேன்" என்று தலைத்துணியைக் கூட அவிழ்க்காமல் அடுப்படிக்குள் போனாள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. காபிக்கு யாரும் நிற்கவில்லை.

மிலூதுக்கு இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் கிடத்தினார்கள். முன்னறைக் கட்டிலில் படுத்தால் கூரையும் பாதி ஜன்னலும்தான் தெரியும். கூண்டைவிட ஒரு சாண் அகலம் என்று கைராவிடம் சொன்னார். ஒரு மாலை ரெதா வந்தான். தாடியை மழித்திருந்தான். தெரு முழுவதும் அவன் பின்னால் "டாக்ஸி, அலிகாந்தே, அலிகாந்தே" என்று கூவிக்கொண்டு வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். சுஃபியான் மூலையில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இவனுக்குச் சொல்லு" என்றார் மிலூத். "எனக்குச் சொன்னியே, அதை."

ரெதா சொன்னான். சின்னப் பெண், வாத்து வளையம், படகு அமுங்கியது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. சுஃபியான் முழுதும் கேட்டான். "நீ பயந்தே" என்றான் கடைசியில். கிண்டலாக அல்ல.

"ஆமா."

"சரி" என்று சொல்லிவிட்டு சுஃபியான் எழுந்து வெளியே போனான்.

அந்த வாரம் அவன் போகவில்லை. மிலூத் நிம்மதியாகத் தூங்கினார். கைராவும் அம்மாவும் ரெதாவை வாழ்த்தினார்கள். பாதாம் மரங்கள் பூத்த சமயத்தில் ஒரு காலை சுஃபியானின் படுக்கை மடித்து வைத்திருந்தது. மிலூதால் கட்டிலை விட்டு எழுந்து வாசல் வரை கூடப் போக முடியவில்லை. கடற்கரைக்கு ஓடவும், யாரையாவது சட்டையைப் பிடித்து உலுக்கவும் வேண்டும்போல் இருந்தது. மாவுக்கட்டு அவரைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டது. அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரும்வரை அந்த வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. ரெதா வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். போ என்று யாரும் சொல்லவில்லை.

அழைப்பு வந்தது. ஸ்பெயினின் அல்மெரியாவிலிருந்து. கைரா அழுதாள், அம்மா அழுதாள், மிலூத் தம்பியைக் கெட்ட வார்த்தையில் திட்டி, பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"ரெதா இருக்கானா அங்க?" என்றான் சுஃபியான்.

மிலூத் கைப்பேசியை ரெதாவிடம் நீட்டினார். அந்தப் பக்கம் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"நீ சொன்ன மாதிரியே அமுங்குச்சுடா. நான் காலை வெச்சப்பவும் அப்படியே அமுங்குச்சு. உன்ன நெனச்சேன்."

ரெதா என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "குளிரா இருக்கா அங்க?" என்று கேட்டான்.

"ரொம்ப" என்றான் சுஃபியான்.